‘ஈஆர் நெகட்டிவ்’ என்று எழுதுமுன்: சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டப் பணிப்பாளர் அவர்களுக்கும், கொழும்பிலுள்ள அரச, தனியார் வைத்தியசாலைகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மார்பகக் கட்டியொன்றை வெட்டி எடுத்த பின் முதல் ஒரு மணித்தியாலம் அது எங்கே கிடந்தது? எஃகுத் தட்டிலா, ஈரத் துணியிலா, உவர்நீர் ஊற்றிய போத்தலிலா? கட்டியில் ஈஸ்ட்ரஜன் வாங்கி இல்லை, அதாவது ‘ஈஆர் நெகட்டிவ்’, என்று வரும் முடிவை நம்பலாமா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது. நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையில் இதற்குப் பதில் இருப்பது அரிது. அந்த ஒரு மணித்தியாலத்தை எழுதிவைக்கச் செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ஈஸ்ட்ரஜன் வாங்கி (தமிழ்நாட்டு நூல்களில் ஏற்பி) என்பது கலத்தின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஈஸ்ட்ரஜன் வந்து பொருந்தியதும் அது சோடியாகச் சேர்ந்து, டீஎன்ஏயில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து, கலப்பெருக்கத்துக்கான பரம்பரையலகுகளை இயக்கிவிடும். அல்பா, பீற்றா என அதில் இரண்டு வகை. பீற்றா வகை 1996இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் ‘ஈஆர்’ என்று நாம் சாயமேற்றித் தேடுவது அல்பாவை. பெண்களின் மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழில் அது இருக்கும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். அரிதாக வரும் அந்த நோயில் பத்துக்கு ஒன்பதில் இருக்கும்.

1896இல் கிளாஸ்கோ நகரின் ஜோர்ஜ் பீற்சன், சூலகங்களை அகற்றினால் சில பெண்களின் முற்றிய மார்பகப் புற்று சுருங்குகிறது என்று எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1950களின் இறுதியில் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன் வாங்கியைக் காட்டிய பிறகே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. வாங்கி உள்ள கட்டிக்கு ஓமோன் சிகிச்சை பலிக்க வாய்ப்புண்டு. இல்லாத கட்டிக்குப் பலிக்காது. இன்று அந்தச் சிகிச்சையின் அடித்தளம் தமொக்சிபென். நாளுக்கு 20 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள். வாங்கி உள்ளவர்களில் அது மாத்திரை எடுக்கும் ஆண்டுகளில் நோய் திரும்புவதை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. 15 ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றால் வரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கிறது. புற்றுநோய் மருந்துகளில் மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே தவறாக எழுதப்பட்ட ‘நெகட்டிவ்’ ஒன்று, இந்த நாடு தாராளமாகக் கொடுக்கக்கூடிய மருந்தையே அந்தப் பெண்ணின் கையிலிருந்து பறித்துவிடுகிறது. அவரும் வைத்தியரும் அதை அறியவே மாட்டார்கள். நோய் திரும்பினால் ‘கொடிய வகை’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

வெட்டிய கணத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் கலங்களுக்குள் நொதியங்கள் நிற்பதில்லை. அவை புரதங்களை அரிக்கத் தொடங்குகின்றன, கொழும்பு வெக்கையில் இன்னும் விரைவாக. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் அமெரிக்க நோயியலாளர் கல்லூரியும் 2010இல் சேர்ந்து வெளியிட்டு 2020இல் புதுப்பித்த வழிகாட்டி இரண்டு எல்லைகளை வைக்கிறது: வெட்டியதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் (இழையத்தைப் பதப்படுத்தும் திரவம்) இட வேண்டும், போமலினில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

‘போமலினில் இட வேண்டும்’ என்பதைத்தான் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். முழு மார்பகத்தையும் வாளியில் அமுக்கி மூடியைப் போட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பு. போமலின் இழையத்துக்குள் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் ஊறும். ஆழம் போகப் போக இன்னும் மெதுவாகும். கொழுப்பு வழிவிடவே விடாது. ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புள்ள மார்பகத்தின் நடுவில் கட்டி இருந்தால், மறுநாள் காலை தோல் மட்டும் விறைத்திருக்கும், கட்டி இன்னும் பச்சையாகவே இருக்கும். பதிவேட்டில் ‘18 மணித்தியாலம்’ என்று இருக்கும். கட்டிக்குக் கிடைத்ததோ பூச்சியம். அளவும் போதாது: இழையத்தின் எடைக்குக் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். 700 கிராம் மார்பகத்துக்கு 7 லீற்றர். இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் வாளியில் அது எப்படி அடங்கும்?

வழி கடினமானதல்ல. சத்திரசிகிச்சை நிபுணர் திசை காட்டும் தையல்களைப் போட்ட பின், வெட்டு விளிம்புகளுக்கு மை பூச வேண்டும். பிறகு தோலைக் குலைக்காமல், பின்புறத்திலிருந்து கட்டியின் நடுவாக ஒன்றிரண்டு வெட்டுகள். வெட்டுக்குள் ஒரு துண்டு கோஸ் துணி வைத்தால் அது திரியைப்போல் போமலினை உள்ளே இழுக்கும். மை பூசாமல் வெட்டினால் விளிம்பில் புற்று இருக்கிறதா என்ற அடுத்த கேள்வி குழம்பிவிடும்; அதனால்தான் இந்த ஒழுங்கு. இதைத் தாதியின் தலையில் கட்டக்கூடாது. சத்திரசிகிச்சை நிபுணரோ நோயியல் பிரிவிலிருந்து வருபவரோ செய்ய வேண்டிய வேலை இது. ஆய்வுகூடத்துக்கு வந்ததும் 5 மில்லிமீற்றர் தடிப்பில் முழுவதும் சீவி, புதிய போமலினில் இட வேண்டும்.

போமலின் என்று ஊற்றுவதையும் ஒருமுறை பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஒன்பது பங்கு, கடைப் போமலின் ஒரு பங்கு என்று கலந்தால் அது நாட்பட அமிலமாகி, இழையத்தில் கருங்கபிலப் படிவை விடும்; சாயமும் கெடும். ஒரு லீற்றருக்குச் சரியான கலவை: 40 சதவீத போமல்டிஹைட் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொசுபேற்று ஒருநீரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். பி.எச். 7க்கு அருகில் நிற்க வேண்டும். இரண்டு உப்புகளின் விலை ஒரு பொருட்டே அல்ல. உவர்நீர் எதையும் பதப்படுத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘கொஞ்ச நேரம்தானே’ என்று உவர்நீரில் விட்ட மாதிரி கொஞ்ச நேரத்தில்தான் கெடுகிறது.

எங்கள் அபிப்பிராயத்தில், இந்தத் தலைவலியில் பெரும் பகுதியை ஒரே முடிவால் தவிர்க்கலாம்: ஈஆர் சோதனையை சத்திரசிகிச்சைக்கு முன் எடுக்கும் ஊசி பயொப்சியிலேயே (ஊசியால் எடுக்கும் சிறு இழைய மாதிரி) செய்யுங்கள். அந்த இழை நூல்போல் மெல்லியது. எடுத்த நிமிடமே போமலினில் விழுகிறது. ஆனால் அதற்கும் ஆறு மணித்தியாலம் வேண்டும். மெல்லியதுதானே என்று பிற்பகல் 2 மணிக்கு எடுத்ததை 5 மணிக்கே இழையம் பதனிடும் இயந்திரத்தில் போட்டுவிடுவதுண்டு. போமலின் விரைவில் ஊறிவிடும், புரதங்களைப் பிணைக்கத்தான் நேரம் எடுக்கும். அதற்குள் இயந்திரத்திலுள்ள அல்ககோல் வந்து மீதியை விறைக்கச் செய்கிறது. அப்படி விறைத்த கருவில் ஈஆர் சாயம் மங்கலாக விழும்.

மறுபக்கத்தில் நாட்காட்டி இருக்கிறது. வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு சத்திரசிகிச்சை, திங்கள் போயா விடுமுறை, செவ்வாய் காலை 9 மணிக்கு ஆய்வுகூடம் திறக்கிறது: 90 மணித்தியாலம். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இதைவிட நீளும். நேரம் கூடுவது நேரம் குறைவதைப்போல் அவ்வளவு கேடல்ல என்பது உண்மை. இருந்தாலும் அறிக்கையில் அது பதியப்பட வேண்டும். மார்பக சத்திரசிகிச்சையை வெள்ளி பிற்பகலிலும் நீண்ட விடுமுறைக்கு முதல் நாளிலும் வைக்காமல் வாரத் தொடக்கத்துக்கு மாற்றுவது பட்டியல் எழுதுபவரின் பேனாவில் இருக்கிறது. மாற்ற முடியாத இடங்களில் சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் ஒரு தொழினுட்பவியலாளரை அழைக்க மேலதிகக் கொடுப்பனவு ஒழுங்கு செய்யுங்கள்.

ஆய்வுகூடத்துக்குள் நடப்பதில் எங்களுக்கும் பொறுப்புண்டு, அதை மறைக்கவில்லை. 3 முதல் 4 மைக்குரோமீற்றர் சீவலை மின்னேற்றம் பூசிய சிலைட்டில் ஒட்ட வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் கொதிக்கும் கட்டத்தில் உரிந்து மிதக்கும். அந்தக் கொதிக்கும் கட்டம்தான் உயிர்நாடி: போமலின் முடிச்சுப் போட்டு மறைத்த புரதத்தை, பி.எச். 6 சித்திரேற்றுக் கரைசலிலோ பி.எச். 9 ஈடிடிஏ கரைசலிலோ வேகவைத்து அவிழ்க்கிறோம். இடையில் மின்சாரம் போனால் அந்தத் தொகுதி முழுவதையும் வீசிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். ‘மிச்ச நேரத்தைச் சேர்த்துக் கொதிக்க வைப்போம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. வாங்கியைத் தேடி ஒட்டும் பிறபொருளெதிரி குளிரூட்டியிலிருந்து வெளியே மறந்துபோய்க் கிடந்தால், நிறம் எழச் செய்யும் பெரொக்சைட் பழசானால், பின்னணிக்கு ஏற்றும் நீலச் சாயத்தைத் தாராளமாக ஏற்றி வாங்கியைக் காட்டும் மெல்லிய கபில நிறத்தை மூடிவிட்டால், எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான்: பொய் நெகட்டிவ். இந்தச் சோதனையில் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே திசையில்தான் சாயும்.

அதனால்தான் கட்டுப்பாட்டு மாதிரியை (வாங்கி உண்டென்று முன்பே தெரிந்த இழையம்) அதே சிலைட்டில் வைக்க வேண்டும் என்கிறோம். கருப்பை அகவணி (கருப்பையின் உட்படலம்) மட்டும் போதாது. அது எப்போதும் கடுங்கபிலமாக ஏறும். சோதனை பாதி செத்த பிறகும் அது நன்றாகவே தெரியும். மங்கலாக மட்டுமே ஏற வேண்டிய தொண்டைச் சதை இழையத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் சோதனை நலிவது கண்ணில் படும். இவற்றைவிட நேர்மையான சாட்சி அந்தப் பெண்ணின் சொந்த இழையத்திலேயே இருக்கிறது. கட்டியின் பக்கத்திலுள்ள சாதாரண பால்கான்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலங்கள் கபிலமாக வேண்டும். கட்டியும் வெறுமை, பால்கானும் வெறுமை என்றால் அதை ‘நெகட்டிவ்’ என்று எழுதக்கூடாது. ‘மதிப்பிட முடியாது, மீண்டும் செய்க’ என்றுதான் எழுத வேண்டும். கட்டியின் வகையும் எச்சரிக்கும்: குழாய்வகை, சளிவகை, முதலாந் தரச் சோணைவகைப் புற்றுகள் கிட்டத்தட்ட எப்போதும் ஈஆர் உள்ளவை. அவற்றில் நெகட்டிவ் வந்தால் சோதனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈஆர் இல்லை, புரஜெஸ்தரோன் வாங்கி மட்டும் உண்டு என்று வரும் அறிக்கைக்கும் அதே விதி.

இவை கற்பனைப் பயங்கள் அல்ல. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஈஆர் சோதனைகள் பிழையென்று தெரிந்து, மாதிரிகளை ரொறன்ரோவுக்கு அனுப்பி மீளச் சோதித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முடிவு மாறியது. நீதியரசர் மார்கிரற் கமரன் தலைமையிலான விசாரணைக்குழு 2009இல் அறிக்கை தந்தது. பணமும் இயந்திரமும் இருந்த நாட்டில் நடந்தது அது. வெளியாரின் தரச் சோதனை அங்கே முறையாக நடந்திருந்தால் எட்டு ஆண்டுகள் போயிருக்காது. யூகே நெக்வாஸ், நோர்டிக்யூசி போன்ற திட்டங்கள் ஒரே இழையத்தைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிச் சாயத்தை ஒப்பிடுகின்றன. ஈஆர் செய்யும் ஒவ்வோர் ஆய்வுகூடத்துக்கும், தனியாருடையதற்கும் சேர்த்து, இத்தகைய ஒன்றில் பங்கேற்பதை உரிம நிபந்தனையாக்குங்கள். அந்நியச் செலாவணி பிரச்சினையென்றால் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆய்வுகூடங்கள் தமக்குள் சிலைட்டுகளை மாற்றிப் பார்ப்பதிலிருந்தாவது தொடங்கலாம். ஒவ்வோர் ஆய்வுகூடமும் காலாண்டுக்கு ஒருமுறை தன் ஈஆர் பொசிட்டிவ் சதவீதத்தை எண்ணட்டும். திடீரென்று அது சரிந்தால், நாட்டுப் பெண்களின் உடல் மாறவில்லை. வாளியில் ஏதோ மாறியிருக்கிறது.

அறிக்கையின் வடிவத்துக்கு வருவோம். ‘பொசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. எத்தனை சதவீதக் கலங்கள், எவ்வளவு அழுத்தமான நிறம், பால்கான் சாட்சி இருந்ததா, பிறபொருளெதிரியின் வகை எது, போமலினில் எத்தனை மணித்தியாலம்: ஐந்தும் வேண்டும். 1 சதவீதம் தொட்டாலே பொசிட்டிவ். 1 முதல் 10 வரை ‘குறை ஈஆர்’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். அந்தக் கட்டிகளில் பல வாங்கி இல்லாதவற்றைப்போல் நடக்கும் என்பதால் வைத்தியர் இரண்டு வழியையும் யோசிக்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சொல்லில் 2 சதவீதமும் 95 சதவீதமும் ஒன்றாகிவிடுகின்றன.

இரசாயனப் பொருள் தீர்ந்த வாரங்களில் நோயாளியின் மகனோ கணவனோ கட்டியின் இழையத்தைப் பதித்த மெழுகுப் புளொக்கை உறையில் போட்டுக்கொண்டு தனியார் ஆய்வுகூடம் தேடி முச்சக்கரவண்டியில் அலைவது நகரத்தில் புதிதல்ல. அது தொலைந்தால் இன்னொன்று கிடையாது. கொடுக்கும்போது பதிவேடு, திருப்பித் தரும் திகதி, வெயில் படாத பெட்டி ஆகியவை வேண்டும். புளொக்கைப் பத்தாண்டாவது பேண வேண்டும். முன்கூட்டியே சீவி வைத்த சிலைட்டானால் ஆறு வாரத்துக்கு மேல் பழையது கூடாது. அலுமாரியிலேயே வாங்கியின் சாயம் மங்கிவிடும். எலும்பில் பரவிய புற்றிலிருந்து எடுத்த மாதிரியை வன்னமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கினாலும் இதே கதி. அங்கே ஈடிடிஏயில் மென்மையாக்குவது மெதுவானது, ஆனால் வாங்கியைக் காப்பாற்றும்.

பொருள் வாங்குவோருக்கு ஒரு வரி: விலை குறைந்த கேள்விப்பத்திரம் என்று ஆண்டுக்கு ஒரு பிறபொருளெதிரிக்கு மாறாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவு எந்தக் கேள்விப்பத்திரத்திலும் தெரியாது.

சரியான அறிக்கை வந்த பிறகு மாத்திரையின் நீண்ட பாதை. வாங்கி உள்ள புற்றுக்குப் பொறுமை அதிகம். ஐந்து ஆண்டு மருந்தை முடித்தவர்களிலும், நோய் கண்ட நிலையைப் பொறுத்து, அடுத்த 15 ஆண்டுகளில் 10 முதல் 41 சதவீதம் வரை தொலை உறுப்புகளில் அது திரும்பியதாக 2017இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு காட்டியது. சிலருக்குத் தமொக்சிபென்னைப் பத்தாண்டுக்கு நீட்டுவது அதனால்தான். இத்தனை நீளப் பாதையில் ‘இந்த மாதம் வரவில்லை, வெளியில் வாங்குங்கள்’ என்ற சீட்டுக்கு இடமில்லை. ஹற்றனிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருபவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுங்கள்.

இதே வாங்கி கருப்பையிலும் எலும்பிலும் இருப்பதால் மருந்தின் விளைவு உறுப்புக்கு உறுப்பு மாறும். மார்பகத்தில் தமொக்சிபென் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கிறது; கருப்பை அகவணியில் ஈஸ்ட்ரஜனைப்போலவே நடக்கிறது. மாதவிடாய் நின்றவருக்கு இரத்தம் கசிந்தால், ஒரு சொட்டானாலும், உடனே பரிசோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் இரத்தக்கட்டி என்று எண்ணி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். லெட்ரசோல் 2.5 மில்லிகிராம், அனஸ்ட்ரசோல் 1 மில்லிகிராம் ஆகியவை ஈஸ்ட்ரஜன் உற்பத்தியையே வற்றச் செய்பவை. அவற்றின் விலையை எலும்பு கொடுக்கிறது. எலும்பு அடர்த்தி அளவீடும் கல்சியமும் விற்றமின் டியும் அந்தச் சீட்டோடேயே போக வேண்டும். எலும்புக்கு இந்த வாங்கி எவ்வளவு தேவை என்பதற்கு 1994இல் பதிவான ஓர் ஆண் சாட்சி: அல்பா வாங்கி பழுதாகவே பிறந்த அவர் 28 வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார்; உயரம் 204 சென்ரிமீற்றர், எலும்போ பொரிந்துபோயிருந்தது. கருப்பை நார்க்கட்டி, அகவணிப் பிறழ்வு ஆகிய நோய்களையும் இதே வாங்கிதான் வளர்க்கிறது. ‘வயிற்றுக் கட்டிக்கு வேறு கிளினிக்’ என்று நோயாளியைப் பிரித்து அனுப்பும்போது இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

மருந்தாளர்கள் தடுக்கக்கூடிய இரண்டு பிழைகளும் உள்ளன. மனச்சோர்வுக்கோ உடல் வெக்கைக்கோ பரொக்செற்றின், புளுவொக்செற்றின் கொடுத்தால் அவை தமொக்சிபென்னை ஈரலில் செயலுருவாக்கும் நொதியத்தை அடைத்துவிடும். வென்லபக்சின் போன்ற மாற்று உண்டு. அடுத்தது, கீமோவால் மாதவிடாய் நின்ற 42 வயதுப் பெண்ணுக்கு லெட்ரசோலைத் தனியாக எழுதுவது. அவருடைய சூலகம் உறங்கிக் கிடக்கலாம். விழித்தால் மருந்து பயனற்றது, கர்ப்பமும் தங்கலாம். 28 நாளுக்கொருமுறை கோசெரலின் 3.6 மில்லிகிராம் போட்டுச் சூலகத்தை அடக்காமல் அந்தச் சீட்டை மருந்தகம் ஏற்கக்கூடாது.

இவற்றில் எதையும் நோயாளி அறியமாட்டார், ஏனென்றால் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. கோப்பில் செருகும் ஓர் அட்டை போதும், தமிழிலும் சிங்களத்திலும்: உங்கள் கட்டியில் ஈஸ்ட்ரஜன் வாங்கி இத்தனை சதவீதம், உங்கள் மாத்திரை இது, இத்தனை ஆண்டுக்கு, இந்த அறிகுறி வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

புதிய படிவம் அச்சிடக் குழுவும் நிதியும் சுற்றறிக்கையும் வேண்டும் என்பது தெரியும். அதுவரைக்கும் புறக்கோட்டையில் ஓர் இறப்பர் முத்திரை செய்வித்து ஒவ்வொரு சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கும் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள நோயியல் கோரிக்கைப் படிவத்தின் மேல் மூலையில் குத்தினால் போதும். முத்திரையின் வாசகம்:

வெட்டி எடுத்த நேரம் ……
போமலினில் இட்ட நேரம் …… கட்டி பிளக்கப்பட்டதா: ஆம் / இல்லை
போமலினிலிருந்து எடுத்த நேரம் …… (ஆய்வுகூடம் நிரப்புக)

முதல் இரண்டு வரிகளும் வெறுமையாக வரும் மாதிரியை ஆய்வுகூடம் ஏற்கும், சோதிக்கும்; ஆனால் ‘நெகட்டிவ்’ என்று கையொப்பமிடாது. அந்த மறுப்புக்கு உங்கள் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பில் பணியாற்றும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், தாதியர், மருந்தாளர் சிலர்